ஞாயிறு இரவா, திங்கள் விடியலா? சென்னை–டெல்லி வாரப் பயணம்: கேள்வி பதில்

குரோம்பேட்டையில் வீடு, குருகிராமில் வேலை. கொரோனா காலத்தைக் கழித்துவிட்டால் ஏழு வருடமாகத் திங்கள் போய் வெள்ளி திரும்புகிறேன். சென்னைக்கும் டெல்லிக்கும் வான்வழியில் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். பறப்பது இரண்டே முக்கால் மணி நேரம்தான், ஆனால் வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு எனக்கு ஐந்தரை மணி ஆகிறது. இன்று ஞாயிறு, மகள் பாடம் எழுதுகிறாள், ஒன்பதரை வரை உட்காருவேன். கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பாருங்கள்.

ஆவடி வாசகர்: அக்கா, நொய்டாவில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பம் இங்கேயே. வாராவாரம் வந்து போனால் கட்டுப்படியாகுமா?

சம்பளத்தை நீங்கள் சொல்லவில்லை, அதனால் கணக்குப் போடும் விதத்தை மட்டும் சொல்கிறேன். சராசரி டிக்கெட் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். வெள்ளி மாலை டெல்லியிலிருந்து கிளம்பும் விமானத்தின் விலையைப் பாருங்கள். உங்களைப் போல எல்லோருக்கும் அதே நேரத்தில்தான் வீடு ஞாபகம் வரும். நான் வெள்ளி டிக்கெட்டை எட்டு வாரம் முன்பே எடுத்துவிடுவேன், திங்கள் டிக்கெட்டை இரண்டு வாரம் முன்பு. உள்நாட்டில் போக வரச் சேர்த்து எடுத்தால் மலிவு என்பது பெரும்பாலும் கிடையாது. தனித்தனியாக எடுங்கள், ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெடாது. தீபாவளி, பொங்கல் வாரங்களுக்கு இன்றே உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. போகாத டிக்கெட்டை "பணம் திரும்பாது என்று போட்டிருக்கிறதே" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும் வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டவும் கூடாது. ஒரு டிக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய்தான் வரும். வருடத்துக்கு நூறு டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

முக்கியமானது: வெள்ளி மாலை மீட்டிங் இழுத்து டிக்கெட் மாற்ற வேண்டி வந்தால் பணம் யார் தருவது? வேலை ஏற்கும் கடிதத்திலேயே இதை எழுதி வாங்குங்கள். என் முதல் வருடத்தில் நான் கேட்கவில்லை. அந்த வருடம் எத்தனை வெள்ளிக்கிழமை என் கைக்காசு போனது என்று இன்றும் என் கணவருக்குச் சொல்லவில்லை.

போரூர்: ஜிஎஸ்டி கம்பெனிக்குத் திரும்பக் கிடைக்குமா?

டிக்கெட் எடுக்கும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் வழி உண்டு. சாதாரண வகுப்புக்கு 5 சதவீதம். மற்றதெல்லாம் உங்கள் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

வேளச்சேரி: எந்த சீட் நல்லது?

ஏ. போகும்போதும் ஏ, வரும்போதும் ஏ. காலையில் வடக்கே போகிறீர்கள், சூரியன் வலது பக்கம், நீங்கள் இடது ஜன்னலில். வெள்ளி மாலை தெற்கே வருகிறீர்கள், சூரியன் மேற்கே, அதுவும் உங்களுக்கு வலது பக்கம்தான். இரண்டு முறையும் நிழலில் தூங்கலாம். கழிப்பறை ஜாஸ்தி போகிறவர் என்றால் சி. கடைசி வரிசை வேண்டவே வேண்டாம், பல விமானங்களில் அது சாயாது.

திருவொற்றியூர்: காலை விமானத்துக்கு மெட்ரோவில் போகலாமா?

ஆறு மணி விமானத்துக்கு முடியாது. நம் மெட்ரோ ஐந்து மணிக்குத்தான் கிளம்பும், உள்நாட்டு விமானத்தில் கேட்டை 25 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஏழரை, எட்டு என்றால் தாராளமாகப் போகலாம். டெல்லியில் மூன்றாம் டெர்மினலிலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பிடித்தால் நியூடெல்லி ஸ்டேஷன் இருபது நிமிடம் சொச்சம். முதல் டெர்மினலுக்கு மெஜந்தா லைன். இரண்டும் வேறு வேறு லைன், வேறு வேறு இடம். டெர்மினல் எண்ணைப் பாருங்கள் என்று சொன்னேனா?

மடிப்பாக்கம்: டெல்லியில் எப்போதும் டி3 தானே?

இல்லை. 2024 ஜூனில் மழையில் முதல் டெர்மினலின் முகப்புக் கூரை விழுந்தபோது விமானங்களை மற்ற டெர்மினல்களுக்கு மாற்றினார்கள். அப்புறம் 2025 ஏப்ரலில் டி2வைப் பராமரிப்புக்காக மூடி அக்டோபரில் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் யார் எங்கே என்பது மாறியது. டி2வும் டி3யும் பக்கத்துப் பக்கத்தில், நடந்தே போகலாம். டி1 தனி ஊர் மாதிரி, சாலையில்தான் போக வேண்டும், நெரிசல் நேரத்தில் அரை மணிக்கு மேலும் ஆகும். சென்னையிலும் உள்நாட்டுக்கு டி1, டி4 என்று இரண்டு உண்டு. போன வாரம் பறந்த இடம் இந்த வாரத்துக்குச் சாட்சி இல்லை.

அம்பத்தூர்: வீட்டுச் சாப்பாடு எடுத்துப் போகலாமா?

நான் வாராவாரம் தயிர் சாதம் கொண்டு போகிறேன், இதுவரை யாரும் நிறுத்தவில்லை. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். தனி மிளகாய்த்தூளும் அப்படியே. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப்பசை உள்ளது, எளிதில் தீப்பிடிக்கும், வீட்டிலேயே இருக்கட்டும். பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில் மட்டும்தான், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. போட்டால் உங்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள், நீங்கள் அதற்குள் கேட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

இட்லிப் பொடி ஒரு தனிக்கதை. என்னோடு வந்த ஒரு பையன், புதுசு. சோதனையில் அந்தப் பொட்டலம் என்னவென்று கேட்டார்கள். டெல்லி ஓட்டல்களில் மெனுவில் அதற்கு என்ன பெயர் போடுகிறார்கள் தெரியுமா? கன்பவுடர். அவன் பளிச்சென்று அதையே சொன்னான். நான் அடுத்த வரிசையில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். நாலு பேர் திரும்பினார்கள். பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, ஒரு அதிகாரி தும்மிய பிறகுதான் விட்டார்கள். தயவுசெய்து "சட்னி பொடி" என்று சொல்லுங்கள்.

கீழ்க்கட்டளை: ஞாயிறு இரவே போய்விடுவது நல்லதா, திங்கள் விடியற்காலையா?

திங்கள். ஞாயிறு இரவுச் சாப்பாடு வீட்டில் கிடைக்கும். அவ்வளவுதான் காரணம்.

"இரவுக் கட்சி": அக்கா, எட்டு வருடமாக ஞாயிறு இரவுதான் போகிறேன். இப்போதும் சென்னை ஏர்போர்ட் கேட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மூன்று மணிக்கு எழுந்து ஓடினால் திங்கள் முழுக்க மண்டை வேலை செய்யாது. தப்பான யோசனை சொல்கிறீர்கள்.

மூன்றரை. மூன்று இல்லை. நாலரைக்குக் கிளம்பினால் எனக்குப் பத்து நிமிடத்தில் ஏர்போர்ட். விமானத்தில் இரண்டு மணி நேரம் தூங்குகிறேன்.

"இரவுக் கட்சி": குரோம்பேட்டைக்காரர் சொல்லலாம். பெரம்பூர்க்காரன் என்ன செய்வான்? டிசம்பரில் மூடுபனி வந்தால்?

பெரம்பூர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மூடுபனியிலும் பாதி ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய நான் முதல் விமானத்தை விட்டுவிடுவேன். ஆறு மணிக்கு இங்கே கிளம்பினால் டெல்லியில் இறங்குவது ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால், பனி இன்னும் கலைந்திருக்காது. மூடுபனியில் கருவிகளின் துணையோடு இறங்கும் CAT III என்கிற முறையில் ஐம்பது மீட்டர் பார்வைத் தொலைவு இருந்தாலும் இறங்கலாம், ஆனால் விமானம், விமானி, ஓடுபாதை மூன்றுக்கும் அந்தத் தகுதி வேண்டும். ஓடுபாதையில் வரிசை நகரவும் நேரம் ஆகும். இறங்க முடியாவிட்டால் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பிவிடுவார்கள். அந்த ஆறு வாரம் மட்டும் ஞாயிறு மத்தியானமே போய்விடுகிறேன். மீதி நாற்பத்தாறு வாரம் திங்கள்தான்.

குன்றத்தூர் (குடும்பத் தரப்பு): என் கணவர் ஞாயிறு இரவு போகிறவர். மூன்று மணியிலிருந்தே பெட்டியைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஞாயிறு என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது.

இரவுக் கட்சிக்காரர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

"இரவுக் கட்சி": உண்மைதான். ஆனால் திங்கள் விடியலில் போனால் பையன் தூங்கிக்கொண்டிருப்பான், எழுந்ததும் அப்பா இல்லை. ஞாயிறு இரவு என்றால் டாட்டா சொல்லிவிட்டு வருகிறேன். உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள் அக்கா.

கேட்டேன், பக்கத்தில்தான் இருக்கிறாள். "நீ போகும்போது நான் முழிச்சுதான் இருப்பேன், கண்ணை மூடிப்பேன்" என்கிறாள். ஏழு வருடத்தில் இது எனக்குத் தெரியாது. அடுத்த கேள்வி.

பம்மல்: சளி இருந்தால் பறக்கலாமா? காது உயிர் போகிறது.

இறங்கும்போதுதான் வலிக்கும். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு, சளியில் அது அடைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகாது. இறங்கத் தொடங்குமுன் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுங்கள், மிட்டாய் சப்புங்கள், எச்சில் விழுங்குங்கள். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதலாம், பலமாக ஊதக் கூடாது. காய்ச்சலோடு காதும் வலித்தால் அந்த வாரம் போகாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

நங்கநல்லூர்: வாடகை வீட்டுக்கு வரிச்சலுகை, எல்டிஏ (விடுமுறைப் பயணப் படி) இதெல்லாம்...

ஆடிட்டரிடம். வாரப் பயணம் எல்டிஏவில் வராது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"இரவுக் கட்சி": அக்கா, என் விமானம் முதலில் 50 நிமிடம் தாமதம் என்றார்கள், இப்போது இரண்டு மணி நேரமாம். இழப்பீடு உண்டா?

சிரிக்கவில்லை, சத்தியமாக. தாமதத்துக்குப் பணம் கிடையாது. சாப்பாடு உண்டு, ஆனால் நம் வழி இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்பதால் மூன்று மணி நேரத் தாமதத்துக்கு மேல்தான். இரவு எட்டுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஓட்டல் அறை கேட்கலாம். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்தே செய்துவிட்டால், வேறு விமானமோ பணமோ தருவதோடு, இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இதில் எது குறைவோ அது. பனி, புயல் என்றால் அதுவும் இல்லை. டிக்கெட்டில் உங்கள் சொந்த செல் எண் இருக்கிறதா? ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டிருந்தால் தகவலும் வராது, இழப்பீடும் கேட்க முடியாது.

"இரவுக் கட்சி": ஏஜென்ட் எண்தான் இருக்கிறது.

இப்போதே கவுன்டருக்குப் போய் மாற்றுங்கள்.

செம்பாக்கம்: அக்கா, நாளைக்கு டெல்லி போகிறேன், டி1ஆ டி3ஆ?

டிக்கெட்டில் இருக்கிறது.

செம்பாக்கம்: டிக்கெட் மெயிலில் இருக்கிறது, திறக்கவில்லை.

திறங்கள்.

"இரவுக் கட்சி": எண்ணை மாற்றிவிட்டேன். 11:40க்குக் கிளம்புமாம். குருகிராம் ரூமுக்குப் போகும்போது மணி மூன்றரை ஆகிவிடும்.

அந்த நேரத்துக்குத்தான் என் அலாரம். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், உணவகங்கள் மூடத் தொடங்குவார்கள். எனக்கு ஒன்பதரை ஆகிவிட்டது, தோசைக்கல் சூடாகிறது.