மூன்று நாள் சான்றிதழ் வேண்டாம் டீச்சர், படத்தை முதலில் நீங்கள் பாருங்கள்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மாதம் இரண்டு பாடவேளை திரைப்படம், ஊடகம் பற்றி நடத்தும்படி தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேமரா பிடிக்கக்கூடத் தெரியாது. பள்ளிக்கு வந்த ஒருவர், அரசு அங்கீகாரம் பெற்ற ஊடகக் கல்விப் பயிற்சி, மூன்று நாள், 6,500 ரூபாய், சான்றிதழ் உண்டு என்கிறார். பள்ளி ஒரு கேமரா செட்டும் வாங்க வேண்டுமாம். பயிற்சி இல்லாமல் படம் போட்டுக் காட்டினால் காப்புரிமை வழக்கு வரும் என்றும் பயமுறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: டீச்சர், பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

நடுநிலைப் பள்ளியில் திரைப்படம் பற்றிப் பேச ஆசிரியருக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. உங்களுக்கு வேலை கொடுத்த படிப்பே போதும். 'அரசு அங்கீகாரம்' என்று ஒருவர் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அரசாணை எண் என்ன? செயல்முறைக் கடிதம் இருந்தால் அதன் ந.க.எண், அதாவது கோப்பு எண் என்ன, நாள் என்ன?" இந்த ஆட்கள் உடனே பையிலிருந்து ஒரு லேமினேட் செய்த தாளை எடுப்பார்கள். அதில் உத்யம் பதிவு எண் இருக்கும், அல்லது ஐ.எஸ்.ஓ. முத்திரை இருக்கும். உத்யம் என்பது சிறுதொழில் நடத்துகிறவர் தன் தொழிலைப் பதிவு செய்துகொள்வது. மாவு மில்லுக்கும் அது உண்டு. அவர் நடத்தும் பாடத்தை அரசு பார்த்து ஒப்புக்கொண்டது என்று அதற்குப் பொருளே இல்லை. இந்த மூன்று நாளுக்கு உங்களுக்கு ஓ.டி., அதாவது வேலை நாளாகக் கணக்கிடும் அனுமதி, கிடைக்காது, சொந்த விடுப்புதான் போகும். பதவி உயர்வுக்கும் அந்தத் தாள் உதவாது.

கேமரா செட் இன்னும் மோசம். பயிற்சிக் கட்டணம் அவர்களுக்குத் தூண்டில் மட்டுமே, லாபம் செட்டில்தான். நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் அப்படி வாங்கிய டிரைபாடு, லைட்டு, மைக்கு எல்லாம் பீரோவில் பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் இருந்தன. புரவலர்கள் தந்த பணம் அது. பிள்ளைகளுக்குக் கழிப்பறைக் கதவு போட்டிருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் செல்போன் போதும், சத்தியமாகப் போதும்.

இன்னொரு வலையும் உண்டு. 'மாணவர் குறும்படப் போட்டி' என்று வருவார்கள், பள்ளிக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் கேட்பார்கள், பிள்ளைகள் எடுத்ததைத் தங்கள் சேனலில் போட்டுக்கொள்வார்கள். பெற்றோர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒரு பிள்ளையின் முகமும் வெளியே போகக்கூடாது. இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். கேமரா தெரியாதவர் சினிமா நடத்த முடியுமா? முடியும். தமிழ் நடத்துகிறவருக்கு அது இன்னும் எளிது. கவிதை எழுதத் தெரிந்துகொண்டா கவிதை நடத்துகிறீர்கள்? 'கவிஞர் ஏன் இந்தச் சொல்லைப் போட்டார்?' என்று கேட்கிற அதே வேலைதான், 'இந்த இடத்தில் ஏன் முகத்தை மட்டும் காட்டினார்கள்?' என்பதும்.

போன வருஷம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஏழாம் வகுப்பில் நடத்தியதைச் சொல்கிறேன். ஒரு பையன் வீட்டில் கேட்டுக்கொண்டு தன் சித்தப்பா கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான். தாலி கட்டுகிற இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் போட்டேன். "பார்த்ததை மட்டும் சொல்லுங்க, நினைச்சதைச் சொல்லக்கூடாது" என்றேன்.

"பொண்ணு சிரிக்குது சார்."

"இல்ல சார், வாயை மூடித்தான் இருக்கு."

அந்த ஒரு முகத்துக்காகப் பத்து நிமிடம் வாதம் நடந்தது. அடுத்து, திரையை மூடிவிட்டு ஒலி மட்டும் போட்டேன். கெட்டிமேளமே கேட்கவில்லை, ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. "அன்னைக்கு மேளம் அடிச்சாங்க சார், நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றான் அந்தப் பையன். மூன்றாவது முறை படமும் ஒலியும் சேர்த்துப் போட்டேன். இப்போது வகுப்பு முழுக்கப் பெண் சிரிப்பதாகவே சொன்னது. "அதே முகம்தானே, என்ன மாறுச்சு?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை சொன்னது: "பாட்டுதான் சார் சிரிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன் தானாகவே எழுந்தான். "எங்க அப்பத்தா அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுப் பின்கட்டுலயே உக்காந்திருந்துச்சு. அது வீடியோல இல்ல சார்." அப்போதுதான் கரும்பலகையில் 'படத்தொகுப்பு' என்று எழுதினேன். சொல் கடைசியில் வரட்டும் டீச்சர். சொல்லை முதலில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். ரஷ்யாவில் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர் சுமார் நூறு வருஷத்துக்கு முன் ஒரே முகத்துக்கு அடுத்து வெவ்வேறு காட்சிகளை ஒட்டிக் காட்டினார். முகம் மாறாமலே அதன் பொருள் மாறியது. அந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம்.

உங்கள் ஊரைப் போலப் பாடப்பொருள் கிடைக்கிற ஊரும் குறைவு. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பெரிய வீடுகள் முன்னால் ஷூட்டிங் வேன் நிற்பதைப் பிள்ளைகள் சிறு வயதிலிருந்து பார்க்கிறார்கள். தாங்கள் நடந்துபோகும் தெரு, படத்தில் வேறு ஏதோ ஊராகி வருவதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டின் முகப்பையும் உள்முற்றமான வளவையும் காட்டி, 'கேமரா எங்கே நின்றால் இந்த வீடு பெரிதாகத் தெரியும், எங்கே நின்றால் பாழடைந்து தெரியும்?' என்று கேளுங்கள், ஒரு பாடவேளை போதாது. 1947இல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். போட்டிருந்த ஸ்டுடியோவில்தான் எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். தினமும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கே அது தெரியாது.

சரி, பயிற்சியே வேண்டாமா என்றால், வேண்டும். எது பயிற்சி என்பதில்தான் எனக்கு வழக்கு. பிரான்சில் நம் நடுநிலை வயதுப் பிள்ளைகளைத் தியேட்டருக்கு அழைத்துப்போய் வருஷத்துக்கு மூன்று படமாவது காட்டும் திட்டம் 1989இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அதில் ஆசிரியர்கள் படத்தை முன்கூட்டியே பார்க்கிறார்கள், அந்தக் குறிப்பிட்ட படத்தைப் பற்றிப் பேசிப் பழகுகிறார்கள், பிறகு வகுப்புக்குப் போகிறார்கள். 'சினிமா என்றால் என்ன' என்று மூன்று நாள் சொற்பொழிவு கேட்பதைவிட ஒரு படத்தை மூன்று முறை பார்ப்பது மேல். யுனெஸ்கோ 2011இல் ஆசிரியர்களுக்காகவே ஒரு ஊடகக் கல்விப் பாடத்திட்டம் வெளியிட்டது, இணையத்தில் இலவசம். சிபிஎஸ்இ நடுநிலை வகுப்புகளுக்குப் போட்ட ஊடகப் பாடநூலும் இலவசம். அந்த ஆள் 6,500 ரூபாய்க்குத் தரப்போவது இவற்றின் ஜெராக்ஸாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? அரசுப் பள்ளிகளில் 2022இல் சிறார் திரைப்பட விழா தொடங்கினார்கள். நல்ல யோசனை, மனதாரப் பாராட்டுகிறேன். படத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்பதுதான் திட்டம். நான் உட்கார்ந்து பார்த்த ஒரு பள்ளியில் படம் முடிந்ததும் போட்டோ எடுத்தார்கள், அனுப்பினார்கள், மணி அடித்தது. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுகிற வேலை ஒரு பக்கம், கணக்கெடுப்பு ஒரு பக்கம் என்று அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பயிற்சி சென்னையிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டார வள மையம் என்று இறங்குவதற்குள், ஐந்து நாளில் சொன்னது இரண்டு மணி நேரமாகிவிடுகிறது. பயிற்சி தரும் கருத்தாளரே அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். இந்த ஓட்டையில்தான் ஏஜெண்டுகள் நுழைகிறார்கள். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

காப்புரிமை (சட்டத்தில் பதிப்புரிமை) பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இதை வைத்துத்தான் உங்களை மிரட்டுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எவையெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதில் கல்வி நிறுவனத்துக்கென்றே ஓர் இடம் உண்டு. பள்ளியின் செயல்பாடாகத் திரைப்படம் காட்டலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், பணியாளர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர் அல்லது பாதுகாவலர், பள்ளியின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் ஆகியோர் மட்டுமாக இருக்க வேண்டும். உங்கள் வகுப்பு இதற்குள் அடங்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் போட்டாலும் அடங்கும். பள்ளி மேலாண்மைக் குழு வந்து உட்கார்ந்தாலும் அடங்கும். ஊர்ப் பொதுமக்களைக் கூப்பிட்டுப் பள்ளி மைதானத்தில் திரை கட்டினால் அடங்காது. கோயில் திருவிழாவுக்குப் பள்ளி புரொஜெக்டரை இரவல் கொடுத்துப் படம் ஓட்டினால் அடங்காது. வகுப்பில் காட்டியதைப் பள்ளியின் யூடியூபில் ஏற்றினால் அது வேறு கதை. திருட்டு இணையதளத்தில் இறக்கிய பிரதியை இந்தப் பிரிவு சுத்தமாக்கிவிடாது, அதைத் தொடவே வேண்டாம். உங்கள் வீட்டு ஓடிடி கணக்கு, நீங்கள் அந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம், அதன் நிபந்தனையைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதனால்தான் கல்யாண வீடியோவும் விளம்பரமும் உங்களுக்கு முதலில் நல்லது என்கிறேன்.

தலைமையாசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். முதல் மாதத்துக்கு ஒரே ஒரு இரண்டு நிமிடத் துண்டு போதும். அதை வீட்டில் மூன்று முறை பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள், விடை உங்களுக்கே தெரியாத கேள்வியாக ஒன்று இருக்கட்டும். புரொஜெக்டர் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும், ரிமோட்டில் ஒலியை அணைக்கும் பட்டன் வேலை செய்கிறதா என்றும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.