குவாண்டம் புள்ளி உமிழும் அதே நிறத்து லேசரையே அதன்மேல் பாய்ச்சினால், எது லேசர், எது புள்ளியின் ஒளி என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

நிறத்தை வைத்துப் பிரிக்க வழியில்லை, தலைவலியே அதுதான். பெரும்பாலும் போலரைசரை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை, வைத்துத்தான் பிரிப்போம்.

டிவி விளம்பரத்தில் வரும் குவாண்டம் டாட் இல்லை இது. நாங்கள் வேலை செய்வது காலியம் ஆர்சனைடு படிகத்துக்குள் புதைந்த இண்டியம் ஆர்சனைடு துணுக்கில். அகலம் சுமார் 20 நானோமீட்டர். ஹீலியத்தால் 4 கெல்வினுக்குக் குளிர்வித்தால் கிட்டத்தட்ட ஓர் அணு மாதிரி நடந்துகொள்ளும். எலக்ட்ரானை மேலே ஏற்றிவிட்டால் சுமார் ஒரு நானோநொடியில் இறங்கி, ஒரே ஒரு ஃபோட்டானை விடும்.

ஆற்றல் கூடிய வேறு நிற லேசரால் ஏற்றிவிட்டு, ஃபில்டர் போட்டு அதை வடிகட்டுவது சுலபம்தான். ஆனால் அப்போது சுற்றியுள்ள படிகம் முழுக்க எலக்ட்ரான்கள் இறைந்து கிடக்கும், அதில் ஒன்று தட்டுத்தடுமாறிப் புள்ளிக்குள் இறங்க ஆகும் நேரம் தடவைக்குத் தடவை மாறும், பக்கத்து மின்னூட்டங்களால் நிறமும் லேசாக ஆடும். வருவது ஒற்றை ஃபோட்டான்தான், ஆனால் அடுத்தடுத்து வரும் இரண்டு அச்சு அசலாக இருக்காது. ஒளியில் இயங்கும் குவாண்டம் கணினிக்கு அது உதவாது.

அதனால் புள்ளியின் நிறத்து லேசராலேயே நேரடியாக ஏற்றுகிறோம். அந்த லேசரைச் செங்குத்துத் தளத்தில் அனுப்பி, திரும்பி வருவதைக் கிடைமட்டப் போலரைசர் வழியாகப் பார்க்கிறோம். சிதறிய லேசர் தளம் மாறாமல் வந்து அங்கேயே அடைபடும், புள்ளியின் ஒளியில் ஒரு பங்கு தப்பி வரும். லேசரைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே அடக்கலாம், ஆனால் ஒளியின் தளத்தைத் திருப்பும் அலைத்தகட்டை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு திருப்பினாலே டிடெக்டர் எண்ணிக்கை எகிறிவிடும். ராத்திரி சரிசெய்து வைத்துவிட்டுப் போனால், ஏசி கொஞ்சம் ஏறி இறங்கியதற்கே காலையில் கசிந்துகொண்டிருக்கும்.

சரி, வருவது கசிவு இல்லை என்று எப்படி நம்புவது? லேசர் துடிப்பின் திறனைக் கூட்டிப் பாருங்கள். கசிவு என்றால் ஏறிக்கொண்டே போகும். புள்ளியின் ஒளியோ உச்சம் தொட்டுவிட்டு இறங்கும், ஏனென்றால் ஏற்றிய எலக்ட்ரானை அதே துடிப்பின் மிச்சம் கீழே இறக்கிவிடுகிறது. அந்த உச்சத்தில் நிறுத்தினால் துடிப்புக்கு ஒரு ஃபோட்டான். இன்னொரு அடையாளம்: துடிப்பில்லாத தொடர் லேசரைப் பலமாகக் கொடுத்தால், புள்ளியின் நிறமாலையில் தெரியும் உமிழ்வுக் கோடு மூன்றாகப் பிளக்கும். இது 1969இல் இயற்பியலாளர் மோலோ கணக்குப் போட்டுச் சொன்னது.

போலரைசர் முறையில் பாதி ஒளியாவது வீணாகும், எனக்கு இதில் பிடிக்காததே அதுதான். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகக் குழு புள்ளியை எதிரெதிர்க் கண்ணாடிகளால் ஆன ஓர் ஒத்ததிர்வு அறைக்குள் வைத்து, ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் வெளிவரும்படி செய்தது. 2021இல் அவர்கள் காட்டிய மொத்தச் செயல்திறன், அதாவது ஒரு துடிப்புக்கு ஒரு ஃபோட்டான் கடைசி ஒளியிழை வரை வந்து சேரும் வாய்ப்பு, 57 சதவீதம்.