திறந்த கடைக்குக் கணக்கு இருக்கிறது, மூடிய கடைக்கு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடை திறப்பது, மூடுவது, வேலை கிடைப்பது, வேலை போவது பற்றியவை. மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் உட்கார்ந்து கடைகளுக்குக் கணக்கும் வரியும் பார்க்கிறவள் நான் என்பதால், ஆசிரியர் எல்லாவற்றையும் சேர்த்து என்னிடமே கொடுத்துவிட்டார். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லூரி மாணவர், திருமங்கலம்: அக்கா, லட்சக்கணக்கில் புதுத் தொழில்கள் பதிவாகின்றன என்று செய்தி வருகிறது. 2023-24-ல் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்கிறார்கள். ஆனால் எங்கள் கடைத்தெருவில் வரிசையாக ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. படித்து முடித்த அண்ணன்மார் சும்மா இருக்கிறார்கள். எதை நம்புவது?

தம்பி, உங்கள் கண்ணையும் நம்பலாம், அந்த எண்களையும் நம்பலாம். ஒவ்வொரு எண்ணும் எதை எண்ணுகிறது என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

'பதிவு' என்று நீங்கள் படிப்பது பெரும்பாலும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1-ல் வந்தது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் செலவில்லாமல் நாமே செய்துகொள்ளலாம். (இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.) 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் சேர்த்தார்கள். 2023 ஜனவரியில், ஜி.எஸ்.டி. எண் இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்கென்று உத்யம் அசிஸ்ட் என்ற தனித் தளம் வந்தது. என்னிடம் இதற்காக வருகிறவர்களில் புதிதாகக் கடை போடுகிறவர்கள் குறைவு. பல வருஷமாக வெங்காய மண்டி நடத்துகிறவர் வருவார். "லோன் கேட்டேன்மா, மேனேஜர் இந்தச் சான்றிதழ் வேணுங்கிறார்" என்பார். அந்த ஆண்டின் புதுப் பதிவுகளில் அவரும் ஒருவர். புதுக் கடை ஒன்றும் வரவில்லை, இருந்த கடை கணக்குக்குள் வந்தது. அது நல்ல விஷயம்தான், ஆனால் வேறு விஷயம். அதே மண்டி நாளைக்கு மூடினால், பதிவை ரத்து செய்ய யாரும் என் மாடிப்படி ஏறுவதில்லை. ஏறி வருவதற்குள் அவர் வேறு ஊரில், வேறு பிழைப்பில் இருப்பார்.

வேலை கூடியதற்குச் சான்றாகக் காட்டப்படும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண்ணிக்கையும் அப்படியே. 2018 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் வெளியிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள், விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள், வெளியேறியவர்கள் என்று கூட்டிக் கழித்து ஒரு எண் சொல்கிறார்கள். பி.எஃப். சட்டம் 20 பேர் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் 19 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாவது ஆளைச் சேர்த்த மாதம், அதற்குமுன் பி.எஃப். இல்லாமல் இருந்த அத்தனை பேரும் ஒரேயடியாகப் புதிதாகச் சேர்ந்தவர்களாகக் கணக்கில் ஏறுவார்கள். உண்மையில் வேலை கிடைத்தது ஒருவருக்கு.

சரி, எந்தக் கணக்கைத்தான் பார்ப்பது? கம்பெனியாகப் பதியாத கடை, பட்டறை, சேவைத் தொழில்களை, அதாவது நம் மாசி வீதிகளில் இருப்பது போன்றவற்றை, தேசியப் புள்ளியியல் அலுவலகம் வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் கேட்டு எடுக்கும் ஆய்வு ஒன்று உண்டு. விவசாயமும் கட்டுமானமும் இதில் சேராது. 2015-16-ல் நாடு முழுக்க 6.34 கோடி தொழில்கள், அவற்றில் 11.13 கோடி பேர். பிறகு பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., கொரோனா. 2021-22-ல் 5.97 கோடித் தொழில்கள், 9.79 கோடி பேர். 2023-24-ல் 7.34 கோடித் தொழில்கள், 12.06 கோடி பேர்.

2015-16 கணக்கையும் 2023-24 கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். எட்டு வருஷத்தில் தொழில்கள் ஒரு கோடி கூடியிருக்கின்றன. வேலை பார்ப்பவர்கள் 93 லட்சம்தான் கூடியிருக்கிறார்கள். கூடிய ஒவ்வொரு கடைக்கும் முழுதாக ஓர் ஆள்கூட இல்லை. ஐந்து பேர் வேலை பார்த்த பட்டறை ஒன்று மூடி, அதிலிருந்து வெளியே வந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு தள்ளுவண்டி போட்டால், தொழில்களின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஐந்தாகும். செய்தியில் அது வளர்ச்சியாகத்தான் தெரியும். இந்தக் கணக்கில் வரும் தொழில்களில் பத்தில் எட்டுக்கு மேல் சம்பளத்துக்கு ஓர் ஆள்கூட நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதவை.

அதனால், தம்பி, எத்தனை கடை திறந்தது என்று யார் சொன்னாலும், அதில் எத்தனை கடை முதல் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தது என்று கேளுங்கள். உங்கள் அண்ணன்மாருக்கு வேலை கிடைப்பது அந்த முதல் ஆளில்தான் இருக்கிறது. வேலையின்மைக் கணக்கைப் பற்றி அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

இட்லிக் கடை, அவனியாபுரம்: வீட்டுக்கு வந்து கணக்கெடுத்தவர் என்னை "வேலை பார்ப்பவர்" என்று எழுதிக்கொண்டு போனார். கடை என் வீட்டுக்காரர் பெயரில். விடியக்காலம் மாவு, சட்னி, பாத்திரம் எல்லாம் நான்தான். ஆனால் எனக்கென்று ஒரு பைசா சம்பளம் கிடையாது. நான் வேலை பார்ப்பவளா?

கட்டாயம் வேலை பார்ப்பவள்தான் தங்கச்சி. அவர் எழுதியதில் தப்பில்லை. காலமுறைத் தொழிலாளர் ஆய்வு என்று 2017-லிருந்து எடுக்கிறார்கள். அதில் 'குடும்பத் தொழிலில் சம்பளமில்லா உதவியாளர்' என்று ஒரு வகையே உண்டு. 2017-18-ல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 2023-24-ல் 41.7 சதவீதம். இவ்வளவு பெரிய ஏற்றம் நம் வீதிகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்தது. வேலை பார்க்கும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உங்களைப் போலத்தான், சம்பளமில்லாமல். அதே காலத்தில் நாட்டில் சொந்தத் தொழில் என்று எழுதப்பட்டவர்கள் 52.2 சதவீதத்திலிருந்து 58.4 சதவீதமானார்கள். மாதச் சம்பளக்காரர்களின் பங்கு கொஞ்சம் குறைந்தது. வேலையின்மை 6 சதவீதத்திலிருந்து 3.2 ஆக இறங்கியதை இந்த எண்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வருஷத்தில் 30 நாள் துணைவேலை பார்த்திருந்தாலும் அந்தக் கணக்கில் அவர் வேலையில்லாதவர் ஆக மாட்டார். திருமங்கலத்துத் தம்பிக்கும் இதுதான் பதில்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று. கடையை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, கல்லாவிலிருந்து வாரம் ஒரு தொகை, சிறியதானாலும், 'கூலி' என்று சிட்டையில் எழுதி அதில் போடுங்கள். நாளைக்கு முத்ரா கடன் உங்கள் பெயரில் கேட்டால் அந்தப் பாஸ்புக் பேசும். மாவாட்டிய கைக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

விசைத்தறி உரிமையாளர், செல்லூர்: இருபத்தைந்து வருஷமாகத் தறி வைத்திருக்கிறேன். ஆறு பேர் ஓட்டுகிறார்கள். ரெண்டு வருஷமாகக் கைக்காசு போட்டுத்தான் நடக்கிறது. மூடலாம் என்றால் "நொடித்துப்போனான்" என்ற பேச்சுக்கு மனசு ஒப்பவில்லை. மூடுவதென்றால் முறையாக என்ன செய்ய வேண்டும்?

அண்ணே, என் அப்பா நூல் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். செல்லூர்த் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். உங்கள் கடிதத்தை ஒருமுறைக்கு மேல் படித்தேன். "கைக்காசு" என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்தக் காசு? மதினியின் நகையா, சீட்டுப் பணமா, நாள் வட்டியா? தனி ஒருவர் பெயரில் நடக்கும் தொழிலில் தொழில் கடன் வேறு, வீட்டுக் கடன் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. தறிக்கு விலை கிடைக்கும்போதே, சரக்கை விற்றால் பாக்கி தீரும் நிலையிலேயே மூடுகிறவர் நொடித்தவர் இல்லை. கணக்கு முடித்தவர். கடைசிக் கழுத்தளவு வரை போய், ஒரு ராத்திரியில் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கூலி வாங்காமல் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து தள்ளிப்போட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் ஆறு பேருக்கும் சொல்லுங்கள். தீபாவளி வரை வாய் திறக்க வேண்டாம் என்று நினைக்காதீர்கள். முன்னாலேயே தெரிந்தால் அவர்கள் வேறு தறி பார்த்துக்கொள்வார்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலியும் கொடுக்க வேண்டும். ஆறு பேர்தானே என்று இதிலிருந்து விலக முடியாது. பீஸ் ரேட் ஆனாலும் சராசரி எடுத்துக் கொடுக்க வேண்டும். பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் பத்துப் பேர் உள்ள இடத்துக்கு. ஆனால் முன்பு எப்போதாவது பத்துப் பேர் இருந்து அந்தச் சட்டம் பொருந்தியிருந்தால், பிறகு ஆள் குறைந்தாலும் அது விட்டுப்போகாது. ஐந்து வருஷம் முடித்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் வாங்கியிருக்கும் முன்பணத்தைக் கழிப்பதானால், தொகையை அவர்கள் முன்னால் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் கொள்முதலை நிறுத்திவிட்டு, பாவில் இருப்பதை நெய்து முடித்து, வர வேண்டிய பாக்கியை வசூலியுங்கள். தறியை விற்கும்போது பில் போட்டு விற்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணை ரத்து செய்ய, தொழிலை நிறுத்திய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கையில் மிஞ்சும் சரக்குக்கும் இயந்திரத்துக்கும் முன்பு எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டியது என்று கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்ட வேண்டிவரும். ரத்து ஆன பிறகு மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ரத்து ஆகிவிட்டதே என்று நிம்மதியாக இருப்பார்கள், ரெண்டு வருஷம் கழித்து நோட்டீஸ் வரும். எண் உயிரோடு இருக்கும் வரை, ஒரு துண்டுகூட விற்காத மாதத்துக்கும் 'நில்' கணக்குப் போட வேண்டும். பில்களையும் பேரேட்டையும் ஆறு வருஷத்துக்குக் குறையாமல் பத்திரமாக வையுங்கள்.

பிறகு மின்வாரியத்தில் தறி இணைப்பை ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். நடப்புக் கணக்கை மூடுங்கள். உத்யம் பதிவையும் அதே தளத்தில் ரத்து செய்யுங்கள். மூடியவர்கள் யாரும் சொல்லாததால்தான் எத்தனை தறி நின்றது என்று அரசுக்கே சரியாகத் தெரியாமல், நின்றவற்றுக்கு என்ன உதவி வேண்டும் என்ற பேச்சும் எழாமல் போகிறது. நீங்கள் சொல்லிவிட்டு மூடுங்கள். ஆறு பேருக்கும் அனுபவச் சான்று எழுதிக் கொடுங்கள். வேண்டுமானால் ஒரு நாள் நேரில் வாருங்கள் அண்ணே, கணக்கைச் சேர்ந்தே பார்ப்போம்.

மசாலாப் பொடி தயாரிப்பவர், மேலூர்: நானும் கொழுந்தனாரும் தொழிலைப் பெரிதாக்கப்போகிறோம். பிரைவேட் லிமிடெட் என்று போட்டால்தான் மதிப்பு என்கிறார்கள். உண்மையா?

மதிப்பு உங்கள் மல்லித்தூளில் இருக்கிறதம்மா. கம்பெனி தொடங்குவது இப்போது சுலபம். நடத்துவதுதான் செலவு. விற்பனையே இல்லாத ஆண்டிலும் தணிக்கை வேண்டும், ஆண்டுக் கணக்கு தாக்கல் வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் இயக்குநர்களுக்கு ஐந்து ஆண்டுத் தகுதியிழப்பு. 2017-ல் கணக்குத் தாக்கல் செய்யாமல் கிடந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். மூட வேண்டுமென்றாலும் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய். இப்போதைக்கு எழுத்து மூலமான கூட்டு ஒப்பந்தம், பதிவு செய்த கூட்டு நிறுவனம், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, இவை போதும். யார் எவ்வளவு முதல் போட்டார்கள், ஒருவர் விலகினால் எப்படிப் பிரிப்பது என்பதை உறவு நன்றாக இருக்கும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். வெளியாள் முதலீடு செய்ய வரும் நாளில் கம்பெனியாக மாறிக்கொள்ளலாம்.

தையல் தொழில் செய்பவர், உசிலம்பட்டி: பள்ளிச் சீருடை தைத்து ஒரு பெரிய கடைக்குக் கொடுக்கிறோம். ஆறு மாதமாகப் பணம் வரவில்லை. ஐந்து பெண்களுக்குக் கூலி நிற்கிறது. 45 நாள் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும், உத்யம் பதிவு இருந்தால். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது கிடையாது, நீங்கள் தைத்துக் கொடுப்பதால் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. குறித்த நாளுக்குள் உங்களுக்குக் கட்டாத தொகையை, கட்டும் வரை அந்தக் கடைக்காரர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. முதலில் இதை அவருடைய ஆடிட்டருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். பல பாக்கிகள் அந்தக் கடிதத்திலேயே வந்ததை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மார்ச் மாதத்துக்கு முன் எழுதினால் பலன் அதிகம்.

வராவிட்டால் இப்படிப்பட்ட பாக்கிகளுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் இணையத் தளத்தில் மனுப் போடுங்கள். அதை விசாரிக்கும் மன்றம் மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். சரக்கு இறக்கியதற்கு அவர்கள் ஆள் கையெழுத்துப் போட்ட சலான் ஒவ்வொன்றும் முக்கியம். பதிவு எடுத்த தேதிக்குப் பிறகு கொடுத்த சரக்குக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. உத்யம் இல்லையென்றால் இந்தப் பாக்கிக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள். அடுத்த வண்டியில் துணி ஏறும் முன் பதிவை எடுத்து, அந்த எண்ணைப் பில்லில் அச்சடித்துவிடுங்கள்.