63-3ஐக் காட்டி வாயடைக்கும் அறை நண்பருக்கு

2023இல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியான ஃப்ளோரிடா ஸ்டேட்டை, சாம்பியனைத் தீர்மானிக்கும் நான்கு அணிப் பிளேஆஃபில் சேர்க்காதது சரிதான், ஆரஞ்சு பௌல் என்ற சீசன் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என வாங்கிய அடியே சாட்சி என்று உங்கள் அறை நண்பர் சாதிப்பதாக எழுதியிருந்தீர்கள்.

முதலில் அவரைத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு முடிவை அறிவித்தது டிசம்பர் 3. அந்த ஆட்டம் நடந்தது டிசம்பர் 30. அன்று ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முன்னணி வீரர்கள் பலர் களமிறங்கவே இல்லை. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

குழு பார்த்தது, அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் காலைத்தான். நவம்பர் 18இல் அவருக்கு அடிபட்டது, சீசன் முடிந்தது. அப்புறமும் அணி தோற்கவில்லை. லூயிவில்லுக்கு எதிரான ஏசிசி (ஃப்ளோரிடா ஸ்டேட் ஆடும் லீக்) இறுதி ஆட்டத்தில் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை, அதுவும் முதலாண்டுப் பையனை, இறக்கினார்கள். பையன் திணறினான்தான். ஆனால் தடுப்பாட்டம் எதிரணியை 6 புள்ளிக்கு மேல் ஏறவிடவில்லை. 16-6. அதோடு 13 ஆட்டம், 13 வெற்றி.

சரி, நண்பர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 29 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த ஜார்ஜியாவை அலபாமா 27-24 என வீழ்த்தியிருந்தது. அலபாமாவைச் சேர்த்தால், அலபாமாவின் சொந்த மைதானத்திலேயே அதை 34-24 என வென்ற டெக்சாஸை ஒதுக்க முடியாது. மிச்சிகனும் வாஷிங்டனும் தோல்வியே காணாதவை. இருந்ததோ நான்கே இடம். நானாக இருந்தால் அலபாமாவைத்தான் வெளியே உட்கார வைத்திருப்பேன்.

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். இப்போது அதே சண்டை கடைசி இடத்துக்கு நடக்கிறது.