பட்டதாம்

"அம்மாவுக்கு 58 வயது. வயிற்று உப்புசத்துக்காக வயிறு, இடுப்பு ஸ்கேன் எடுத்தோம். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. வீட்டில் எண்ணெயையே நிறுத்திவிட்டோம். கர்ப்பப்பை உள்சுவர் 11 மி.மீ. என்றும் போட்டிருக்கிறது. மாதவிலக்கு நின்று 7 வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை லேசாகப் பட்டதாம். சூடு என்று வெந்தயம் குடித்தார். ஈரல் சரியாக என்ன கொடுக்கலாம்?"
– ஒரு மகன், ஈரோடு

தம்பி, ஈரலை அப்புறம் பார்க்கலாம். முதல் கிரேடு கொழுப்பு பலருக்கும் வருகிறது. எடை, சர்க்கரை, நடை மூன்றையும் கவனியுங்கள்.

'பட்டதாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'ஆம்' எங்கிருந்து வந்தது? அம்மா உங்களிடம் சொல்லவில்லை. விடியற்காலையில் தானே அலசி, கொடியில் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட துணியை உங்கள் மனைவியோ அக்காவோ பார்த்துக் கேட்டிருப்பார்கள்.

மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் தாண்டிய பெண்ணுக்கு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். ரத்தம் பட்டு, உள்சுவரும் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால், அங்கிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உங்கள் அம்மாவுக்கு 11. ஸ்கேன் தடிமனை அளந்து கொடுக்கும். அது சாதாரணச் சதை வளர்ச்சியா, புற்றா என்பதை அந்தச் சதையைச் சோதித்தால்தான் சொல்ல முடியும். ஸ்கேன் எடுத்தவரிடம் ரத்தம் பட்டதைச் சொன்னீர்களா? சீட்டில் உப்புசம் என்றுதானே இருந்திருக்கும்? பிறகு அவர் எதற்காக அந்த 11-ஐ அடிக்கோடிடப் போகிறார்?

வெறும் வயிற்றோடு கூட்டிப்போய், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கவைத்து, சிறுநீர் முட்டி அவர் நெளியும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். அவ்வளவு நேரத்தில் "வேற என்னம்மா பண்ணுது?" என்று கேட்க நாக்கு எழவில்லை. உங்கள் வாந்தியையும் பேதியையும் கையால் அள்ளியவர் அவர். அவர் உடம்பைப் பற்றிக் கேட்க மகனுக்குக் கூச்சம் என்றால், அதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரிடம் போங்கள். ரிப்போர்ட், ஃபிலிம், அம்மா சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் எழுதினால் அம்மா தயங்குவார். அதற்குச் சிறுநீரை அடக்க வேண்டியதில்லை என்று முன்பே சொல்லிவையுங்கள். அங்கே போனதும் "ஒண்ணுமில்ல டாக்டர், சூடுதான்" என்றுதான் ஆரம்பிப்பார். எப்போது, எத்தனை நாள் பட்டது என்று நீங்கள் சொல்லவேண்டும். அது தெரியாதென்றால், இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள்.