குதிரை ஜி5-க்கு வந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள்

கேள்வி: செஸ்ஸில் கறுப்புக் காய்களில் ஆடினேன். இருவரும் ராஜா முன் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினோம். அப்புறம் அவர் குதிரை எஃப்3 (எஃப் வரிசையின் மூன்றாம் கட்டம்), நான் குதிரை சி6. அவர் பிஷப் சி4, நான் குதிரை எஃப்6. உடனே அவர் குதிரை ஜி5-க்குப் பாய்ந்தது. நான் சிப்பாயை நகர்த்தி டி5 ஆடினேன். அவர் சிப்பாயால் வெட்ட, நான் குதிரையால் திருப்பி வெட்டினேன். அடுத்து எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்தார். சீக்கிரமே மேட். எங்கே தவறினேன்?

பதில்: ஐந்தாவது நகர்வில். அதுவரை நீங்கள் ஆடியது எல்லாம் சரி. வெட்டியதைத் திருப்பி வெட்டுவது நம் கைப்பழக்கம். இந்த ஓப்பனிங்கில், அதாவது தொடக்க ஆட்டத்தில், அதுதான் பொறி. 1600 வாக்கிலேயே இத்தாலியரான பொலேரியோ பதிவு செய்த தாக்குதல் இது. இன்று 'ஃப்ரைடு லிவர்' என்கிறார்கள்.

எஃப்7-இல் குதிரையை ராஜா வெட்டியதும் வெள்ளை ராணி எஃப்3-இல் செக் வைக்கும். அதே ராணி டி5 குதிரையையும் குறிவைக்கிறது. அந்தக் குதிரையைக் காப்பாற்ற ராஜா ஈ6-க்கு, பலகையின் நடுவுக்கே வந்தாக வேண்டும். கடிகாரம் ஓடும்போது அங்கே தாக்குப்பிடிப்பது மிகக் கடினம்.

அந்த ஐந்தாவது நகர்வில் வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பை மிரட்டுங்கள். பிஷப் பி5-இல் செக் வைக்கும். சி6 சிப்பாயால் மறையுங்கள். அவர் வெட்டுவார், நீங்கள் பி சிப்பாயால் வெட்டுங்கள். பிஷப் ஈ2-க்குப் பின்வாங்கினால் சிப்பாயால் எச்6 ஆடி குதிரையை விரட்டுங்கள். அது எஃப்3-க்கு வந்ததும் ஈ4 ஆடி மறுபடி விரட்டுங்கள். ஒரு சிப்பாய் குறைவுதான், ஆனால் உங்கள் காய்கள் வேகமாக வெளியே வரும். அதற்காகச் சிப்பாயை வெறுமனே விட்டுவிட்டோம் என்று வருந்த வேண்டாம்.

மூன்றாவது நகர்விலேயே எச்6 ஆடி ஜி5-ஐ அடைத்துவிடச் சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, காய் எதுவும் வெளியே வராமல் ஒரு நகர்வு போய்விடுகிறது. அதைவிட பிஷப்பை சி5-க்குக் கொண்டு போகலாம். அப்போது டி8 ராணிக்கு ஜி5 வரை வழி திறந்தே இருக்கும். அங்கே வரும் குதிரையை ராணியே வெட்டிவிடும். எஃப்6-இல் உங்கள் குதிரை நின்றபோது அந்த வழியை அதுவே மறைத்தது, கவனியுங்கள்.

குதிரை ஜி5 நகர்வை ஜெர்மனியின் அந்நாள் முன்னணி ஆட்டக்காரர் டாராஷ் கற்றுக்குட்டி ஆட்டம் என்றார். ஆனால் 1963-இல், பின்னாளில் உலக சாம்பியனான ஃபிஷர் அதையே ஆடி அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையரை வென்றார். ஆக, எதிராளியைக் குறைத்து எடைபோட வேண்டாம். மேலே சொன்ன ஏ5 வழியில் உங்கள் ஈ4 வரை வந்த நிலையைப் பலகையில் அடுக்கி, நண்பருடன் பத்து ஆட்டம் கறுப்பில் ஆடிப் பாருங்கள்.