‘தி ஆபீஸ்’ சீசன் தொடக்க எபிசோடுகள்: கேள்வி பதில்

என்பிசி தொலைக்காட்சியில் 2005 முதல் 2013 வரை 9 சீசன் ஓடிய அமெரிக்க ‘தி ஆபீஸ்’ பற்றி மட்டும் கேளுங்கள். காகித நிறுவனக் கிளை ஒன்றை ஆவணப்படக் குழு படமெடுப்பதாக அமைந்த நகைச்சுவைத் தொடர் அது. பேச்சு சீசன் தொடக்கங்களைச் சுற்றியே இருக்கட்டும்.

கே: சீசன் 1ஐ விட்டுவிட்டு இரண்டிலிருந்து ஆரம்பிக்கலாமா?

ப: ஆரம்பிக்கலாம். சீசன் 1 மொத்தமே 6 எபிசோடு. முதல் எபிசோடு பிரிட்டிஷ் மூலத்தின் முதல் எபிசோடை ஒட்டி எழுதப்பட்டது, அதனால் கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட் இன்னும் அவராகவே ஆகவில்லை. ‘டைவர்சிட்டி டே’ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, சீசன் 2 தொடக்கமான ‘தி டண்டீஸ்’ (2005 செப்டம்பர் 20) பக்கம் போங்கள். உணவகத்தில் மைக்கேல் விருது விழா நடத்துகிறார். ஊழியர்களுக்கு எரிச்சல். ஆனால் வெளியாட்கள் அவரைக் கேலி செய்ததும் அதே ஊழியர்கள் கைதட்டி அவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். தொடர் தன் சுருதியைப் பிடித்தது அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: சீசன் 3 முதல் எந்தத் தொடக்க எபிசோடையும், முந்தைய சீசனின் கடைசி எபிசோடைப் பார்க்காமல் தொடாதீர்கள். இரண்டும் ஒரே கதையின் இரு பாதிகள்.

கே: என் பட்டியலில் சீசன் 4க்கு 14 எபிசோடு, நண்பர் பட்டியலில் 19. எது சரி?

ப: இரண்டும் சரி. அந்த சீசனின் முதல் நான்கும் கடைசியும் ஒரு மணி நேர எபிசோடுகள். அவற்றை இரண்டாக வெட்டினால் 19. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் அந்த சீசனே சுருங்கியது. உங்கள் பட்டியலில் 19 இருந்தால் 1, 2 இரண்டும் சேர்ந்ததுதான் ‘ஃபன் ரன்’. ஒரே அமர்வில் பாருங்கள். பாதியில் நிறுத்தினால் ஊழியர் மெரிடித்தின் விபத்துக்கும் பிற்பாதியின் ஓட்டப் பந்தயத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

கே: எங்கிருந்து தொடங்குவது? முதல் சீசன் அவசியமா?

ப: முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

கே: அலுவலகக் காதலர்களான ஜிம்மும் பாமும் சேர்ந்ததோடு தொடர் செத்துவிட்டது. ‘ஃபன் ரன்’தான் காரணம். ஒத்துக்கொள்கிறீர்களா?

ப: ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தொடக்கம் என்ன செய்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். முந்தைய சீசன் முடிவில் ஜிம் பாமை வெளியே சாப்பிட அழைத்தார். நான்கு மாதம் ரசிகர்கள் ஒரே கேள்வியோடு காத்திருந்தார்கள். 2007 செப்டம்பர் 27 அன்று எபிசோடு தொடங்கினால், மைக்கேல் தன் காரால் மெரிடித்தை இடித்துவிடுகிறார்! மருத்துவமனை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, விழிப்புணர்வு ஓட்டம் என்று கதை ஓடுகிறது. ஜிம்மும் பாமும் கேமரா முன் ‘ஒன்றுமில்லை’ என்று சாதிக்கிறார்கள். ஆவணப்படக் குழு பின்தொடர்ந்து போய், காரில் முத்தமிட்டதைப் படமெடுத்துக் காட்டியதும்தான் வழிக்கு வருகிறார்கள். பதிலை அவர்கள் சொல்லவில்லை, கேமரா பிடித்தது. ஆவணப்பட வடிவத்துக்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது.

கே: அது ஒரு எபிசோடுக்குச் சரி. அப்புறம் இழுக்க என்ன மிச்சம்? சீசன் 5 தொடக்கத்திலேயே திருமணப் பேச்சையும் முடித்துவிட்டார்களே!

ப: முடித்ததுதான் துணிச்சல். ‘வெயிட் லாஸ்’ (2008 செப்டம்பர் 25) கோடை முழுவதையும் எடை குறைப்புப் போட்டியாக மாற்றியது. கிளை முழுக்க வாரந்தோறும் எடை பார்க்கிறார்கள், அதுவே நாட்காட்டி ஆகிவிடுகிறது. ‘மூன்று மாதத்துக்குப் பிறகு’ என்று எழுத்துப் போட வேண்டியதில்லை. அந்த ஓட்டத்துக்கு நடுவில், மழையில், ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் ஜிம் மண்டியிடுகிறார். கேமரா சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, குறுக்கே வண்டிகள் பறக்கின்றன. ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில் செட் போட்டு, சுற்றிலும் வண்டி ஓடப் பாதை அமைத்து, செயற்கை மழை பொழிந்து எடுத்தது. சுமார் 52 வினாடிக் காட்சிக்கு ஏறத்தாழ 2,50,000 டாலர். சீசன் முடிவில் வைத்திருந்தால் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். தொடக்கத்தில் வைத்ததால் யாருக்கும் தயாராக நேரமில்லை.

கே (வேறொருவர்): தொடர் செத்துவிட்டது என்றவர் பக்கம்தான் நான். சீசன் 6ல் பாம் கர்ப்பம் என்பதும் வெறும் அறிவிப்புதானே?

ப: சீசன் 6 தொடக்கமான ‘காசிப்’பை மறுபடி பாருங்கள். ஊழியர் ஸ்டான்லியின் கள்ள உறவை மைக்கேல் உளறிவிடுகிறார். அதை மூடி மறைக்க எல்லோரைப் பற்றியும் பொய் வதந்தி பரப்புகிறார். பாம் கர்ப்பம் என்பது அவர் கற்பனையில் உதித்த வதந்தி, அது தற்செயலாக உண்மை. கடைசியில் ஸ்டான்லியைக் காப்பாற்ற இருவரும் உண்மையை ஊரறியச் சொல்கிறார்கள். இதில் அறிவிப்பு எங்கே இருக்கிறது? அலுவலக வம்பு தானாக உருண்டு வந்து ரகசியத்தில் மோதுகிறது. இவர்களின் நல்ல தொடக்கங்கள் எல்லாம் இப்படித்தான்: பாக்கியிருந்த கேள்வியை நேராகத் தொடாமல், சாதாரண அலுவலகத் தகராறு வழியாகப் போய்த் தீர்ப்பது. சரிவைத் தேட வேண்டுமென்றால் காதலில் தேடாதீர்கள்.

கே: நானும் ஒரு அலுவலக நகைச்சுவை எழுதுகிறேன். தொடக்க எபிசோடை எப்படிக் கட்டுவது?

ப: அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 21, 22 நிமிடம்தான் மிஞ்சும். முதலில், இடைவெளியில் எத்தனை மாதம் போயிற்று என்று முடிவு செய்யுங்கள். தலைப்புக்கு முந்தைய சிறு காட்சியை 2 நிமிடத்துக்குள் வையுங்கள். அதில் பழைய கதை வேண்டாம், ஒரு தனி வேடிக்கை போதும். ‘காசிப்’பில் தடைகளைத் தாண்டிக் குதிக்கும் பார்கூர் விளையாட்டு அப்படிப்பட்டது. பழைய கதையை இரு பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் ஒப்பிப்பதாக எழுதினால் காட்சி செத்துவிடும், இருவருக்கும் தெரிந்ததுதானே! கேமராவைப் பார்த்துப் பேசும் துண்டில் 4 வரியில் முடியுங்கள். சீசன் 8 தொடக்கமான ‘தி லிஸ்ட்’டில் (2011) புது மேலாளராக வந்த ராபர்ட் கலிஃபோர்னியா தலைமைச் செயல் அதிகாரி ஆகிவிட்ட கதையை ஜிம் அப்படித்தான் சொல்லி முடிக்கிறார். மிச்ச நேரம் முழுக்க ராபர்ட்டின் நோட்டில் இருக்கும் இரண்டு பத்திப் பெயர்ப் பட்டியலுக்குப் போகிறது.

கே: நீட்டிக்கப்பட்ட ‘சூப்பர்ஃபேன்’ வடிவத்தில் முதன்முறை பார்க்கலாமா?

ப: வேண்டாம். வெட்டிய காட்சிகளைச் சேர்த்தால் சிரிப்பின் தாளம் தளரும். இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பிரிட்டிஷ் தொடரின் தொடக்கங்கள்?

ப: அதற்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

கே: அண்ணா, நேரமில்லை. சீசன் 3 தொடக்கத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாமா?

ப: முடியாது. சீசன் 2 கடைசி எபிசோடான ‘கேசினோ நைட்’ பாருங்கள், அப்புறம்தான் சீசன் 3. அதில் ஜிம் கொடுத்த முத்தத்துக்குப் பாம் என்ன பதில் சொன்னாள் என்பது சீசன் 3 தொடக்கத்தில்தான் வெளிவருகிறது. கேள்வியைப் பார்க்காதவருக்குப் பதில் எதற்கு?